யுவி டிடிஎஃப் ஸ்டிக்கர் உரிகிறதா? எந்த அடுக்கில் பிரிகிறது என்று முதலில் பாருங்கள்

யுவி டிடிஎஃப் என்பது யுவி ஒளியில் இறுகும் மையால் ஃபிலிமில் அச்சடித்து, பசையோடு பொருளுக்கு மாற்றும் ஸ்டிக்கர். அது உரிந்துவிட்டது என்று டம்ளர் திரும்பி வந்தால் உடனே மெஷின் செட்டிங்கில் கை வைக்காதீர்கள். உரிந்த துண்டைக் கேட்டு வாங்குங்கள். அதன் அடிப்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். பிறகு டம்ளரில் அது இருந்த இடத்தைத் தொடுங்கள். பசை எந்தப் பக்கம் தங்கியிருக்கிறது என்பதுதான் முதல் தடயம்.

கைக்கு ஒரே தகடு போலத் தெரிந்தாலும் இந்தப் படம் பல அடுக்கு. அடியில் ஏ ஃபிலிமின் தாள், அதன்மேல் பசை. பசையின்மேல் பிரின்டர் வெள்ளை, கலர், வார்னிஷ் என்ற வரிசையில் மையைப் போடுகிறது. கடைசியாக லேமினேஷனில் பி ஃபிலிம் மேலே ஏறுகிறது. ஏ-யை உரித்தால் மை விழுந்த இடத்துப் பசை மட்டும் படத்தோடு வரும், மற்றப் பசை ஏ-யிலேயே நிற்கும். பொருளில் ஒட்டித் தேய்த்து பி-யை உரித்தால் வேலை முடிந்தது.

பொருள் பளிச்சென்று சுத்தமாக இருந்து, பசை முழுக்கத் துண்டோடு வந்திருந்தால் பிழை பொருளின் மேற்பரப்பில். பிரின்டரைத் தொட வேண்டியதே இல்லை. பசை பொருளிலேயே பிசுபிசுவென்று இருந்து மை மட்டும் உரிந்திருந்தால், வெள்ளை மை பசையைப் பிடிக்கவில்லை. ஃபிலிமும் முதல் அடுக்கின் கியூரும் (யுவி ஒளியில் மை இறுகுவது) சந்தேகத்துக்குரியவை. வெள்ளை டம்ளரிலும் கலர் துண்டிலுமாகப் பிளந்திருந்தால் மையை இறுக்கும் யுவி விளக்கைப் பாருங்கள். குமரி மாவட்டக் கடைகளுக்கு வரும் புகார்களில் முதல் வகையே அதிகம். ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் மாற்றுவது மையை.

எழுத்து இடவலமாக, வெள்ளை மேலே

டீ-ஷர்ட் டிடிஎஃப் செய்து பழகியவர்கள் முதல் வாரத்தில் செய்யும் தவறு இது. துணி டிடிஎஃப்-இல் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, கலரை முதலிலும் வெள்ளையை அடுத்தும் போடுவோம். யுவி டிடிஎஃப்-இல் இரண்டுமே நேர்மாறு: திருப்பக் கூடாது, வெள்ளை முதலில். டிசைனை பிரின்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ரிப் மென்பொருளில் 'மிரர்' டிக் எடுத்திருக்கிறதா, அடுக்கு வரிசை வெள்ளை–கலர்–வார்னிஷ் என்று இருக்கிறதா, இரண்டையும் பார்த்துவிட்டு வேலைக்கு ஒரு தனி ப்ரீசெட் சேமித்து வையுங்கள். கடைக் கதவுக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டி வெளியிலிருந்து படிக்க வேண்டிய வேலைக்கு மட்டும் இது மறுபடி தலைகீழாகும். அங்கே மிரர் வேண்டும், கலர் முதலில், வெள்ளை பின்னால்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: படம் அழகாக வருகிறது, ஏ-யை உரித்தால் பசையே இல்லை. புதிய ஏ ஃபிலிமின் பசைமேல் ஒரு மெல்லிய காப்புத் தாள் இருக்கும். அதை எடுக்காமல் அதன்மேலேயே அச்சடித்தால் இப்படித்தான். ரோல் மெஷினில் அது தனிச் சுருளில் சுற்றிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஷீட் மெஷினில் கையால் எடுத்துவிட்டு வையுங்கள்.

ஏ-யை உரிக்கும்போது படமும் அதோடு போகிறது

பி ஃபிலிம் படத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை. வரிசையாகப் பாருங்கள்.

முதலில் உரிக்கும் விதம். பி ஃபிலிம் பக்கம் மேசையில் படுத்திருக்க வேண்டும். ஏ-யின் மூலையைக் கிளப்பி, அதைத் தன்மேலேயே மடித்து, மேசைக்கு ஒட்டினாற்போல் பின்னோக்கி இழுங்கள். செங்குத்தாகத் தூக்கி இழுத்தால் பிடி விடும். எங்காவது படம் ஏ-யோடு கிளம்பினால் அங்கேயே நிறுத்தி, திரும்பப் படுக்கவைத்து, ஸ்க்வீஜியால் (தேய்க்கும் பட்டை) நாலு தடவை அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி இழுங்கள்.

அதுவும் போதவில்லை என்றால் லேமினேட்டர். ரோலர் சூடு ஃபிலிம் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் இருக்கட்டும். வழக்கமாக 40 முதல் 55 டிகிரிக்குள் வரும். சூட்டைவிட அழுத்தம் முக்கியம். இரண்டு பக்க ஸ்பிரிங்கும் சமமாக இறுகியிருக்கிறதா என்பதற்கு எளிய சோதனை: ஒரே அகலத்தில் மூன்று காகிதப் பட்டைகளை இடது, நடு, வலது என்று ரோலருக்குள் கொடுத்து இழுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் லேசாக வந்தால் அந்தப் பக்கம் தளர்வு. படம் எப்போதும் ஒரே ஓரத்தில் மட்டும் ஏ-யோடு போகிறது என்றால் இதுதான் காரணம், வேறு தேடாதீர்கள்.

மூன்றாவது வார்னிஷ். பி ஃபிலிம் பிடிப்பது வார்னிஷைத்தான். வார்னிஷ் நாசில் (தெளிக்கும் நுண்துளை) பாதி அடைத்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் நிறமில்லை. வார்னிஷை மட்டும் ஒரு கறுப்பு நிறப் பட்டைமேல் அச்சடித்து, சாய்வாக வெளிச்சம் விழப் பிடித்துப் பாருங்கள். பளபளப்பில் கோடுகள் விட்டிருந்தால் அங்கே வார்னிஷ் இல்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்யலாம்.

புள்ளி காணாமல் போகிறது

இது தமிழுக்கே உரிய தொல்லை. 'நினைவுப் பரிசு' என்று அச்சடித்தால் 'நினைவுப பரிசு' என்று ஒட்டுகிறது. புள்ளி தனித் துண்டு. அதன் குறுக்களவு 1 மி.மீ.க்குக் கீழே போனால் அதற்கு அடியிலிருக்கும் பசையின் பரப்பு மிகச் சிறியது, பி ஃபிலிம் அதைத் தூக்குவதற்குள் ஏ இழுத்துக்கொள்கிறது. உரித்தபின் ஏ ஃபிலிமை உற்றுப் பாருங்கள். அங்கே புள்ளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

பெரிய எழுத்தாக்குவது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, சொல்லைச் சுற்றிலும் 1 மி.மீ. அகலத்துக்கு வார்னிஷை மட்டும் விரித்து மொத்தச் சொல்லையும் ஒரே துண்டாக்குவது. டிசைனில் எழுத்துக்குப் பின்னால் ஒரு 'அவுட்லைன்' உருவாக்கி, புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் அதில் மூடும்படி ஒன்றாக இணைத்து, அந்த வடிவத்தை வார்னிஷ் சேனலுக்கு மட்டும் கொடுங்கள். கண்ணாடியிலும் ஸ்டீலிலும் ஒட்டியபின் அந்த விளிம்பு கிட்டப் பார்த்தால்தான் தெரியும். மெல்லிய கோட்டு ஃபான்ட்டைத் தவிர்த்துத் தடித்ததை எடுங்கள். வெள்ளையை உள்நோக்கிச் சுருக்கும் 'சோக்' அளவையும் பாருங்கள். 720 டிபிஐ-இல் 3 பிக்சல் என்றால் ஏறக்குறைய 0.1 மி.மீ. பெரிய படத்துக்கு அது தேவை. ஆனால் 0.6 மி.மீ. புள்ளியில் இரண்டு பக்கமும் 0.1 போனால் வெள்ளை 0.4 மட்டுமே நிற்கும். சின்ன எழுத்து வேலைக்கு 1 பிக்சல் போதும்.

பி ஃபிலிம் படத்தை விட மாட்டேன் என்கிறது

பொருளில் ஒட்டியாகிவிட்டது, பி-யை உரித்தால் படமும் கிளம்பி வருகிறது. பொருளின் பிடி பி-யின் பிடியைவிடக் குறைவு என்று அர்த்தம். பி-யைத் திரும்பப் படுக்கவைத்து, ஃபெல்ட் வைத்த ஸ்க்வீஜியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்து, ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு மூலையிலிருந்து, பொருளின் மேற்பரப்போடு படுத்தாற்போல் மடித்து மெதுவாக உரியுங்கள். அப்போதும் வந்தால் அடுத்த தலைப்பிலுள்ள நீர்ச் சோதனை. எந்தப் பொருளிலும், நன்றாகக் கழுவிய கண்ணாடியில்கூட, இதே கதை என்றால் லேமினேஷன் சூடு கூடிப்போய் பி-யின் பிடி தேவைக்கு மேல் ஏறியிருக்கிறது. 5 டிகிரி குறைத்துப் பாருங்கள்.

ஒட்டும்போது சரி, மறுநாள் ஓரம் தூக்குகிறது

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் நீர்ச் சோதனை. பொருளைச் சாய்த்துப் பிடித்துக் குழாய்த் தண்ணீரை ஓட விடுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி வழிந்தால் மேற்பரப்பு சுத்தம். சேம்பிலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டால் எண்ணெயோ மெழுகோ இருக்கிறது, அல்லது அந்தப் பொருளே எதையும் ஒட்டவிடாத வகை. காசு செலவில்லாத சோதனை. ஒவ்வொரு புதிய சரக்கிலும் ஒரு பீஸை எடுத்துச் செய்யுங்கள்.

ஸ்டீல் டம்ளர், தூக்குவாளி: புதிதாக வரும்போது பாலிஷ் பிடித்த மெழுகு மேலே இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மட்டும் துணியில் தொட்டுத் துடைத்தால் அந்த மெழுகு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகருமே தவிர முழுக்கப் போகாது. முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்த வெந்நீரில் கழுவி, அலசி, நன்றாக உலர்த்துங்கள். அதன்பிறகு 70 சதவீதத்துக்கு மேலுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால், நூல் பிரியாத துணியில், ஒரே திசையில் ஒரு துடைப்பு. துணியைத் திருப்பி இன்னொரு துடைப்பு. உலர ஒரு நிமிடம். அதற்குமேல் அந்த இடத்தில் விரல் படக் கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கோதிய கையால் டம்ளரை எடுத்தால் கழுவிய வேலை வீண். நைட்ரைல் கையுறை போடச் சொல்வது இதற்காகவும்தான்.

தேன் பாட்டில்: புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனுக்கு லேபிளாக இந்த ஸ்டிக்கரைக் கேட்பவர்கள் உண்டு. புதிய கண்ணாடி பாட்டில் ஒன்றோடொன்று உரசிக் கீறாமலிருக்க ஆலையிலேயே மெழுகுத்தன்மையுள்ள ஒரு மெல்லிய பூச்சைத் தெளிப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியாது. பாட்டில் கண்ணாடி என்பதால் எதுவும் ஒட்டும் என்று நம்பிக் கழுவாமல் ஒட்டினால், நாலாம் நாள் ஓரம் கிளம்பும். ஸ்டீலுக்குச் சொன்ன அதே கழுவல் இதற்கும். இன்னொரு விஷயம், தேனை நிரப்பியபின் ஒட்ட வராதீர்கள். பாட்டிலின் வெளியே ஒரு சொட்டு வழிந்து காய்ந்த இடம் வெறும் துடைப்பில் போகாது. ஒட்டி 24 மணி நேரம் கழித்து நிரப்பட்டும்.

பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ்: திருப்பி அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்றால் பாலிப்புரோப்பிலீன், 2 அல்லது 4 என்றால் பாலிஎதிலீன். இவை தங்கள்மேல் எதையும் பரவவிடாத பிளாஸ்டிக்குகள். கழுவினாலும் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும். பாலிப்புரோப்பிலீனுக்கு என்று விற்கும் பிரைமரை மெல்லியதாகத் தடவி, பாட்டிலில் சொன்ன நேரம் உலரவிட்டு ஒட்டினால் ஓரளவு நிற்கும். ஆனால் அழுத்தினால் வளையும் மூடிக்கும் தினமும் கழுவும் பெட்டிக்கும் பிரைமரை நம்பி ஆர்டர் எடுக்காதீர்கள். சிலிக்கோன் கவருக்கு வேண்டவே வேண்டாம். முக்கோணத்துக்குள் 1 இருக்கும் பெட் பாட்டில் நன்றாக ஒட்டும், அது வளையாத தடிமனில் இருந்தால்.

பவுடர் கோட்டிங் போட்ட தண்ணீர் பாட்டில்: நகத்தால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழவழப்பு என்றால் சரி. மணல்தாள் மாதிரி சொரசொரப்பு என்றால் பசை மேட்டின் உச்சிகளை மட்டும்தான் தொடுகிறது, பள்ளமெல்லாம் காற்று. ஹேர் டிரையரில் லேசாகச் சூடுகாட்டிக்கொண்டே விரலால் அழுத்தினால் பசை கொஞ்சம் இறங்கும். ஆழமான சொரசொரப்புக்கு அதுவும் பலன் தராது.

அக்ரிலிக் கேடயம்: இங்கே ஆல்கஹாலைத் தவிருங்கள். லேசரில் வெட்டிய அக்ரிலிக்கின் ஓரத்தில் உள்ளிறுக்கம் இருக்கும். ஆல்கஹால் பட்டதும் அந்த ஓரத்திலிருந்து மயிரிழை போன்ற வெடிப்புகள் உள்ளே ஓடும். துடைத்தபோது தெரியாமல், பரிசளிப்பு விழா அன்று வெளிச்சத்தில் தெரியும். காப்புத் தாளைக் கடைசி நேரத்தில் உரித்து அப்படியே ஒட்டுங்கள். கை பட்டுவிட்டால் மென்மையான சோப்புத் தண்ணீர் போதும்.

எந்தப் பொருளாக இருந்தாலும் ஒட்டியபின் 24 மணி நேரம் தண்ணீர் காட்டக் கூடாது. பசை முழுப் பிடியை எடுக்க அந்த நேரம் வேண்டும். சாயங்காலம் ஒட்டி, காலையில் மண்டபத்துக்கு அனுப்பி, அங்கே உடனே கழுவித் தேநீர் ஊற்றினால் குறை சொல்வது உங்களைத்தான். டெலிவரித் தேதியைக் குறிக்கும்போதே ஒரு நாளைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

டம்ளரில் சுருக்கம், படம் சாய்ந்து ஏறுகிறது

மேலும் கீழும் ஒரே சுற்றளவுள்ள பாட்டிலில் நேர்ச்சதுரப் படம் நேராகச் சுற்றும். மேலே விரிந்து கீழே ஒடுங்கும் டம்ளரில் சுற்றாது. அதற்குப் படத்தை விசிறி வடிவில் வளைக்க வேண்டும். கணக்கு எளிது. மேல் விட்டம் 80 மி.மீ., கீழ் விட்டம் 65 மி.மீ., சாய்வுப் பக்கத்தின் உயரம் 100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்ட வித்தியாசம் 15. வெளி வளைவின் ஆரம் 100 × 80 ÷ 15 = 533 மி.மீ. உள் வளைவின் ஆரம் 100 × 65 ÷ 15 = 433 மி.மீ. முழுச் சுற்றுக்கு விசிறியின் கோணம் 180 × 15 ÷ 100 = 27 டிகிரி. கோரல் டிராவில் இந்த இரண்டு வட்டத்தையும் போட்டு 27 டிகிரிக்கு வெட்டி எடுத்தால் டம்ளரின் தோல் கிடைத்துவிடும். முதலில் சாதாரணக் காகிதத்தில் அச்சடித்து டம்ளரில் சுற்றிப் பாருங்கள். ஓரங்கள் சந்தித்தால் கணக்கு சரி. படம் முன்பக்கத்தில் 50 மி.மீ. அகலத்துக்குள் அடங்கும் சின்ன முத்திரை என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், நேராகவே ஒட்டலாம்.

ஒட்டும்போது நடுவில் ஒரு நேர்க்கோடாக முதலில் பிடிக்க வைத்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டே போங்கள். ஒரு ஓரத்தில் ஆரம்பித்தால் கோணல் மறு ஓரத்தில்தான் தெரியவரும். செம்பின் வயிற்றைப் போல இரண்டு திசையிலும் வளையும் பொருளில் பெரிய படம் சுருங்கியே தீரும். சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து டிசைன் செய்யுங்கள். வாய் வைத்துக் குடிக்கும் பாத்திரத்தில் விளிம்பிலிருந்து 20 மி.மீ. விட்டுத்தான் படம் ஆரம்பிக்க வேண்டும். உள்ளே ஒட்டவே கூடாது.

குமிழி

ஒட்டியபின் தெரியும் தட்டையான பெரிய குமிழி தேய்க்கும்போது மாட்டிய காற்று. பி-யை உரிக்குமுன்பே ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். உரித்துவிட்டிருந்தால் மெல்லிய ஊசியால் ஒரு குத்து, பி-யின் துண்டு ஒன்றை மேலே வைத்து அழுத்தல். லேமினேஷன் முடிந்ததுமே படம் முழுக்க வெள்ளிப் பொடி தூவியது போல நுண்குமிழிகள் தெரிந்தால் ரோலர் அழுத்தம் குறைவு அல்லது ஓட்டம் வேகம். வேகத்தைக் குறைத்து இரண்டாம் தடவை விடுங்கள். நடுவில் ஒரு கடுகு மேடும் சுற்றிலும் வட்டக் குமிழியும் என்றால் அது தூசி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூன் முதல் அடிக்கும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. அந்தப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் மெஷின் அறைக்கு இரட்டைக் கதவு போடுவது நல்லது.

படத்தைச் சுற்றி அழுக்குக் கோடு

ஒட்டிய அன்று தெரியாது. இரண்டு வாரத்தில் படத்தின் வரம்பைச் சுற்றிக் கறுப்பாகத் தூசி படியும். அது படத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பசை. ஏ-யை உரிக்கும்போது பசை விளிம்பில் சட்டென்று அறுபட வேண்டும். சூடாக இருக்கும்போதே உரித்தால் அது ஜவ்வுமிட்டாய் மாதிரி இழுபட்டு நீளும். லேமினேஷன் ஆனதும் முழுக்க ஆறவிட்டு, உரிக்கும்போது தயங்காமல் ஒரே இழுப்பில் உரியுங்கள்.

படத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பசைத் துளிகள் ஒட்டியிருந்தால் விஷயம் வேறு. மைத் துளிகள் காற்றில் சிதறி வெற்றுப் பசைமேல் விழுகின்றன; விழுந்த ஒவ்வொரு துளியும் தன் அடியிலிருக்கும் பசையைக் கூட்டிக்கொண்டு வருகிறது. மை தெளிக்கும் ஹெட்டுக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி சுமார் 2 மி.மீ. இருக்கட்டும். ஃபிலிம் அலையடிக்காமல் மெஷின் படுக்கையில் உறிஞ்சிப் பிடித்திருக்க வேண்டும். மெஷினுக்கு நேரே ஃபேன் ஓடக் கூடாது.

மழைக்காலத்தில் மட்டும் வரும் பிழைகள்

நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. டிசம்பர் 3 வரை நடக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழாவை ஒட்டிப் பரிசுப் பொருள் ஆர்டர் குவியும் நேரத்தில்தான் வானமும் பொத்துக்கொள்ளும். அந்த வாரங்களில் நேற்றுவரை ஓடிய செட்டிங்கிலேயே மை ஏ ஃபிலிம்மேல் பரவாமல் முத்தாகத் திரளும், அல்லது வெள்ளை பசையை விட்டுத் தோலாக உரியும். ஃபிலிம் ஈரம் குடித்திருக்கிறது.

சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரமானி ஒன்றை மெஷின் பக்கத்தில் மாட்டுங்கள். 40 முதல் 60 சதவீதம், 20 முதல் 28 டிகிரி என்பது வேலைக்கு ஏற்ற அளவு. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த அளவைப் பிடிக்க முடியாது, ஏசி வேண்டும். வெட்டி மிச்சமான ஃபிலிமை சிலிக்கா ஜெல் பையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயை மூடுங்கள். குளிர்ந்த ஏசி அறையிலிருந்து ஸ்டீல் பாட்டிலை வெளித்திண்ணைக்குக் கொண்டுபோய் ஒட்டினால் பனி பூக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தின்மேல் பசை பிடிக்காது. ஒட்டும் வேலையும் அதே அறையில்தான் நடக்க வேண்டும்.

மேல்பக்கம் பிசுபிசுப்பு, அல்லது மடித்தால் நொறுங்குகிறது

இரண்டும் கியூரின் இரு முனைகள். யுவி மை உலர்வதில்லை, ஒளி பட்டு இறுகுகிறது. வெயிலில் காயவைத்துச் சரிசெய்யும் சமாச்சாரம் அல்ல. இந்த வகை மெஷின்களில் வழக்கமாக 395 நானோமீட்டர் எல்இடி விளக்கு இருக்கும். பிசுபிசுத்தால் விளக்கின் சதவீதத்தைக் கூட்டுமுன் மெஷினை நிறுத்தி, விளக்கு ஆறியபின் அதன் கண்ணாடியைப் பாருங்கள். மைப் புகை படிந்து பழுப்பாகியிருந்தால் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். விளக்கின் குளிரூட்டும் விசிறி சுற்றுகிறதா? எல்இடி சூடேறினால் ஒளி குறையும். காலையில் நன்றாக வந்த பிரின்ட் மதியத்துக்கு மேல் பிசுபிசுக்கிறது என்றால் விசிறிதான்.

நொறுங்கினால் எதிர்ப்பக்கம். ஒளி அதிகம், அல்லது வெள்ளையையும் வார்னிஷையும் தேவைக்குமேல் அடுக்கியாயிற்று. படத்தைப் பொருளில் ஒட்டி, கத்தியால் 2 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஆறாறு கோடு கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். கட்டங்களின் ஓரம் சில்லுச் சில்லாகத் தெறித்தால் விளக்கைப் பத்துப் பத்து சதவீதமாகக் குறைத்து மீண்டும் சோதியுங்கள். கட்டம் கட்டமாகப் பசையோடு கழன்று வந்தால் கியூர் சரி, மேற்பரப்புதான் தவறு. மேலே போய் நீர்ச் சோதனையைப் படியுங்கள்.

இறுகாத மை தோலில் பட்டால் அரிப்பும் ஒவ்வாமையும் வரும், ஒருமுறை வந்தால் அடுத்தடுத்த முறை இன்னும் சுலபமாக வரும். துடைப்பது, டாம்பர் (ஹெட்டுக்கு மை கொடுக்கும் சின்ன மைப் பெட்டி) மாற்றுவது எல்லாம் கையுறையோடுதான்.

கறுப்பு பாட்டிலில் கலர் மங்கல்

வெள்ளை மையிலுள்ள டைட்டானியம் டைஆக்சைடு கனமானது. நின்றால் அடியில் படியும். மேலே தெளிந்தது ஹெட்டுக்குப் போகும், வெள்ளை சாம்பலாகும். தினமும் காலையில் வெள்ளை டாங்கைக் கலக்குங்கள். கலக்கி மோட்டார் இருந்தாலும் அது சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு திங்கட்கிழமை முதல் பிரின்டை வாடிக்கையாளர் வேலையாக எடுக்காமல், வெள்ளைப் பட்டை ஒன்றை ஓடவிட்டுக் குழாயில் தேங்கியதை வெளியேற்றுங்கள்.

கோடு கோடாக வருகிறது, நாசில் திரும்ப வரவே இல்லை

நாசில் செக்கில் சில கோடுகள் விட்டு, ஒரு கிளீனிங்கில் திரும்பி வந்தால் சாதாரண அடைப்பு. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விட்டால் மை வரத்தில் காற்று. டாம்பரையும் இணைப்புகளையும் பாருங்கள். ஒரே இடத்தில், எத்தனை கிளீனிங் போட்டாலும் திரும்பாமல் நின்றால் மை ஹெட்டுக்குள்ளேயே இறுகியிருக்கலாம்.

அதற்குக் காரணம் ஒளி. விளக்கின் ஒளி பளபளப்பான படுக்கையில் பட்டு ஹெட் பக்கம் திரும்புகிறது. ஏ ஃபிலிம் ஒளி ஊடுருவும் வகை என்றால் அடியிலிருக்கும் அலுமினியமே கண்ணாடி ஆகிவிடும். படுக்கையின் பளபளப்பை மங்கலாக்க வேண்டும். இன்னொரு ஒளி ஜன்னல் வழியே வருவது. மேற்கு ஜன்னலோரம் மெஷினை வைத்து, சாயங்கால வெயில் கேப்பிங்கிலும் (ஓய்வில் ஹெட்டை மூடும் மூடி) மைக் குழாயிலும் விழுந்தால் மெல்ல மெல்ல இறுகும். கறுப்புக் குழாய், தடித்த திரை இரண்டும் வேண்டும். மின்சாரம் போகும்போது ஹெட் நடுவழியில் நின்றால் அதே நிலைமை. ஹெட் திரும்பிப் போய் மூடிக்கொள்ளும் அளவுக்காவது யுபிஎஸ் வையுங்கள். கிளீனிங் திரவம் யுவி மைக்கு உரியதாக இருக்க வேண்டும். துணி டிடிஎஃப் மெஷினிலிருந்து கடன் வாங்கி ஊற்றாதீர்கள், அது நீர் சார்ந்த மைக்கானது.

வாங்கக் கூடாத வேலை

ஃபைபர் வள்ளத்துக்குப் பெயர் எழுதக் கேட்டால் வேண்டாம். புது ஃபைபரில் வார்ப்பு அச்சிலிருந்து கழற்றப் பூசிய மெழுகு மிச்சமிருக்கும். அதைப் போக்கினாலும் உப்புத் தண்ணீர், வெயில், வலை உரசல் மூன்றையும் இந்தப் பசை தாங்காது. அங்கே பெயின்டோ கடல் வேலைக்கான வினைலோதான். மயிலாடிக் கல்லில் வெளிவாசல் பெயர்ப்பலகை கேட்டாலும் அதே பதில், கல்லில் வெட்டிய எழுத்துக்கு இது மாற்றல்ல. டிஷ்வாஷரில் போடும் பாத்திரம், அடுப்பில் வைக்கும் பாத்திரம் இரண்டும் கூடாது.

தப்பாக ஒட்டியதை எடுக்க

ஹேர் டிரையரில் கை பொறுக்கும் சூடு காட்டி, பிளாஸ்டிக் அட்டையால் மூலையைக் கிளப்பினால் பெரும்பாலும் முழுத் துண்டாகவே வரும். பிளேடு வேண்டாம், ஸ்டீலில் கீறல் விழும். மிச்சப் பசைமேல் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் உருண்டு வந்துவிடும். தின்னர் தேவையில்லை, அக்ரிலிக்கில் தின்னர் கூடவே கூடாது. அதன்பின் அந்த இடம் முழுக்க எண்ணெய். பாத்திரத் திரவம் போட்டு வெந்நீரில் இரண்டு தடவை கழுவி, குழாயடியில் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் படலமாக வழிகிறதா என்று பார்த்தபிறகே புது ஸ்டிக்கரின் ஏ-யை உரியுங்கள்.